ஆறாவது டிடெக்டரைச் சுற்றியவர்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குக் குரல் கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கும் என்று சொல்லித் தப்பிக்கொள்வேன். ஆனால் நான் ஒரு மனிதருக்குச் செய்த அநியாயம் கத்திச் செய்ததல்ல. நிதானமாக, நல்ல தமிழில், கடிதத் தாளில் எழுதிச் செய்தது. அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

கிளிநொச்சியிலுள்ள ஒரு வளாகத்தில் நான் பௌதிகவியல் விரிவுரையாளர். நான் மேற்படிப்புப் படித்த வெளிநாட்டு ஆய்வுகூடம், தனக்கு இனி வேண்டாம் என்று ஒதுக்கிய நிறமாலைப் பதிகருவி ஒன்றை எங்களுக்கு அனுப்பிவைத்தது. ஐந்து மரப்பெட்டிகளில் வந்தது. காந்தம் இருந்த பெட்டியை லொறியிலிருந்து இறக்க வளாகத்தில் ஒருவராலும் முடியவில்லை. கடைசியில் சந்தைப் பக்கம் நெல்மூட்டை ஏற்றுகிற ஆட்களில் எட்டுப் பேரைக் கூட்டிவந்து, அடியில் உருளைக் கட்டைகளைக் கொடுத்துத் தள்ளி உள்ளே சேர்த்தோம். “இதுக்குள்ள என்ன, ஆனையோ?” என்று அவர்களில் ஒருவர் கேட்டார். “ஆனைதான். ஆனால் இது தின்னுறது கரண்ட்” என்றார் எங்கள் ஆய்வுகூடத்தின் தொழினுட்ப உதவியாளர்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். கனகராயன்குளத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருவார். அவருடைய தாய் தகப்பன் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கமம் செய்தவர்கள். எங்களோடு வன்னிப் பேச்சுத்தான் பேசுவார். வீட்டிலிருந்து போன் வந்தால் மட்டும் பேச்சு மலைநாட்டுக்குப் போய்விடும். வளாகத்துக்கு வருமுன் நீரிறைக்கும் மோட்டர்களுக்குக் கம்பி சுற்றியவர். ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் வேலை. அந்த வருடம்தான் அவருடைய பதவியை நிரந்தரமாக்க நேர்முகத் தேர்வு வரவிருந்தது. அவருக்கு அது கடைசிச் சந்தர்ப்பம். அடுத்த பிறந்தநாளோடு அரச நியமனத்துக்கான வயதெல்லை தாண்டிவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

பதிகருவியின் வேலை விளங்காத ஒன்றல்ல. ஒரு முனையில் கதிர்த்தொழிற்பாடுள்ள, அதாவது தானாகக் கதிர் வீசுகிற, சின்னஞ்சிறு வில்லை. அதிலிருந்து இலத்திரன்கள், அதாவது எலக்ட்ரோன்கள், பலவித வேகத்தில் பாயும். காந்தம் அவற்றை வளைக்கும். ஏ9 வீதியின் வளைவில் மெதுவாக வருகிற சைக்கிள் ஓரத்தை ஒட்டித் திரும்ப, பறந்து வருகிற மோட்டார் சைக்கிள் அகலமாக விலகிப்போகுமே, அதுபோல மெதுவானவை கிட்ட விழும், வேகமானவை தள்ளி விழும். விழுகிற இடத்தில் வரிசையாக ஏழு டிடெக்டர்கள். எதில் எத்தனை விழுந்தன என்று எண்ணினால் வேகங்களின் படம் ஒன்று கிடைக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஏழும் ஒரே மாதிரி எண்ணவேண்டும். ஒன்று பொய் சொன்னாலும் படம் முழுவதும் பொய்.

ஒவ்வொரு டிடெக்டரும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. இலத்திரன் போன்ற துணிக்கை ஒன்று பட்டால், நம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு தரம் மினுங்கும். அதன் வாலில் ஒட்டியிருக்கும் கண்ணாடிக் குழாய் அந்த மினுக்கத்தைப் பிடித்துப் பெருக்கி மின்துடிப்பாகத் தரும். அப்படிப்பட்ட குழாய்க்கு அறை வெளிச்சம் ஊசிமுனையளவு போனாலும் போதும், கண்டபடி எண்ணத் தொடங்கிவிடும். அதனால் பிளாஸ்டிக்கை வெள்ளித்தாளால் மூடி, அதன்மேல் கறுப்பு டேப்பை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி சுற்றவேண்டும். நான் சுற்றினால் மூலைகளில் சுருக்கம் விழும். அவர் சுற்றினால் டேப் பிளாஸ்டிக்கோடு பிறந்ததுபோல இருக்கும். சுற்றிய பிறகு கதவையும் ஜன்னலையும் அடைத்து, விளக்கை அணைத்து, டோர்ச் வெளிச்சத்தை ஒவ்வொரு மூட்டிலும் மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். எண்ணிக்கை ஏறினால் ஓட்டை. அவர் சுற்றியதில் ஏறியதே இல்லை.

அதற்குப் பிறகு இசைக்கிற வேலை. ஒவ்வொரு குழாய்க்கும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, ஏழிலிருந்தும் ஒரே உயரத் துடிப்பு வரச் செய்யவேண்டும். பிறகு ஒரு வாசல் வைக்கவேண்டும்: இதைவிடச் சின்னத் துடிப்பு வந்தால் எண்ணாதே என்று. வாசலைத் தாழ்த்தினால் குழாயின் சொந்த இரைச்சலும் உள்ளே வந்துவிடும். உயர்த்தினால் உண்மையான துணிக்கையும் வெளியே நின்றுவிடும். மூன்று வாரம் இதோடு மாரடித்தோம். ஒருநாள் மத்தியானம் ஏழும் ஒன்றுசேர்ந்து சொல் கேட்டன. வில்லையை ஈயப் பெட்டிக்குள் மூடிவைத்து எண்ணிப் பார்த்தால், ஏழிலும் நிமிடத்துக்கு நாற்பதை ஒட்டித்தான். அது எங்கும் உள்ள பின்னணிக் கதிர், வானத்திலிருந்தும் சுவரிலிருந்தும் வருவது. அதை ஒன்றும் செய்ய முடியாது.

“ஏழு பிள்ளையளும் ஒரே உயரம் மிஸ்” என்றார் அண்ணை. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

ஆய்வுகூடத்தில் எங்களுக்கு இரண்டு காவல் இருந்தது. எதிர்ச்சுவரில் அவருடைய பிள்ளையார் படம். டிடெக்டர் வரிசைக்கு மேலே இருந்த பலகைத் தட்டில் என்னுடைய மாதா சொரூபம், என் சாண் அளவுகூட இல்லை. மின்னழுத்தம் போடுமுன் அவர் ஒரு கும்பிடு போடுவார், நான் ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன். திரியை அணைத்த பிறகுதான் டிடெக்டர்களுக்கு மின் கொடுப்போம். என்னைப் படிப்பித்த பேராசிரியர் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஒரே கரைச்சல், மெழுகுதிரி நின்ற தகரப் பேணி இலேசானது. மின்விசிறிக் காற்றுக்கு இரண்டு தரம் கவிழ்ந்து, மெழுகு கேபிள்களின் மேல் வழிந்தது. அதைச் சுரண்டி எடுத்தவர் அவர்தான். “மாதாவுக்குக் கொஞ்சம் பாரமான பேணியாப் பாருங்கோ மிஸ்” என்றார்.

அடுத்த கிழமை முல்லைத்தீவுக் கரையில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழா. நான்கு நாள் லீவு எடுத்தேன். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது டிடெக்டர்களின் டேப் சூட்டுக்குப் பசை விடத் தொடங்கியிருந்தது. நான் வருவதற்குள் அந்த மூன்றையும் அவிழ்த்துப் புதிதாகச் சுற்றிவைக்கும்படி அவரிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

எங்கள் கரையில் மாரிக் கடல் அடித்து ஓய்ந்த பிறகு மணலில் கறுப்புக் கோடுகள் படிந்து கிடக்கும். சின்ன வயதில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி அந்தக் கறுப்பு மண்ணுக்குள் இழுப்போம். காந்தம் தாடி வளர்த்துக்கொண்டு வரும். அந்த மண் நல்ல கனம். எங்கள் வீட்டில் கதவு அடிபடாமல் வைக்கிற போத்தலுக்குள் அதுதான். கோயிலில் மெழுகுதிரி குத்துகிற பெட்டிக்குள்ளும் அதுதான். திருவிழா நாளில் திரி குத்தும்போது எனக்கு உடனே யோசனை வந்தது. பெரிய பால்மாப் பேணி ஒன்றில் அந்த மண்ணை விளிம்புவரை அள்ளி நிரப்பினேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்து, “படிச்ச ஆக்களுக்கும் எங்கட மண் தேவைப்படுதோ?” என்று பகிடி பண்ணினார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பரந்தன் வரும்போது தொடை மரத்துவிட்டது.

பேணியை என் கையிலிருந்து வாங்கிய அண்ணை ஒரு கணம் தடுமாறினார். “என்ன மிஸ், ஈயமோ?”

“எங்கட ஊர் மண். இனி மாதாவின்ர திரி விழாது.”

அவர் இரண்டு கையாலும் ஏந்தி, மாதாவுக்கு முன்னால் தட்டில் வைத்தார். நேர் கீழே ஆறாவது டிடெக்டர்.

அன்று பின்னேரம் பின்னணியை எண்ணினோம். முதல் நான்கும் பழையபடி. ஐந்தும் ஏழும் ஐம்பதைத் தாண்டியிருந்தன. ஆறு தொண்ணூற்றில் நின்றது.

நான் இல்லாத நான்கு நாளில் மாறியது ஒன்றே ஒன்று, டேப். மூன்று டிடெக்டருக்குப் புது டேப், அதே மூன்றிலும் எண்ணிக்கை கூட. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்றிருந்தது எனக்கு. என் கையால் கொண்டுவந்து கொடுத்த பேணி இரண்டாவதாகவும் ஒன்று மாறியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு என் தலைக்கு மேலேயே இருந்தது. இரண்டாம் வருட மாணவர்களுக்கு நான் ஒரு விரிவுரை எடுப்பேன்: இயற்கையில் கதிர்த்தொழிற்பாடு. அதில் நம்முடைய கிழக்குக் கரையின் கறுப்பு மண்ணில் தோரியம் உண்டு என்று ஒரு வரி வரும். ஒவ்வொரு வருடமும் அந்த வரியைச் சொல்லுவேன். அது புத்தகத்து மண். நான் விளையாடிய மண், அப்பாவின் வள்ளம் ஏறிக் கிடக்கும் மண், மாதாவுக்கு முன்னால் வைத்த மண், அதுவும் இதுவும் ஒன்று என்று எனக்கு ஒருநாளும் படவில்லை.

“அண்ணை, வெளிச்சம் போகுது.”

“இல்லை மிஸ். மூண்டையும் டோர்ச் அடிச்சுப் பாத்தனான்.”

“அப்ப இதென்ன?”

“தெரியேல்ல. ஆனால் வெளிச்சமில்லை.”

அந்த “தெரியேல்ல” எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. பிழை விட்டவர் அப்படித்தானே சொல்வார் என்று நினைத்தேன். அவர் மூன்றையும் அவிழ்த்து மறுபடி சுற்றினார். எண்ணிக்கை குறையவில்லை. கறுப்புத் துணியை நான்காக மடித்து மேலே போர்த்தினார். குறையவில்லை. துணியிலும் ஓட்டை இருக்கும் என்றேன். இதற்கிடையில் கருவியின் திறப்புவிழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. என்னைப் படிப்பித்து, கருவியையும் அனுப்பிய அந்தப் பேராசிரியரும் வருவதாக எழுதியிருந்தார். அவர் வந்து, உன் ஆறாவது டிடெக்டர் ஏன் இப்படி என்று கேட்டால் என்ன சொல்வேன் என்பதுதான் என் தலைக்குள் ஓடியது.

பிறகு நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். ஆறாவதின் மின்னழுத்தத்தைக் குறைத்தேன். எண்ணிக்கை நாற்பதுக்கு இறங்கியது. அப்பாடா என்று வில்லையைத் திறந்து இலத்திரன்களை விட்டால், படத்தில் ஆறாவது இடத்தில் ஒரு பள்ளம். வரவேண்டியதில் பாதியைக் காணோம். கூடுதலாக வந்ததை அடக்கப் போய், உண்மையாக வந்ததையும் வெளியே நிறுத்திவிட்டேன். அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் இன்னொரு காரணம் கண்டுபிடித்தேன். கைவிரல் எண்ணெய் பட்டால் அந்தப் பிளாஸ்டிக்கில் நுண்ணிய வெடிப்புகள் விழும், அது உண்மை. ஆகவே சுற்றும்போது அவர் வெறுங்கையால் தொட்டிருக்கவேண்டும் என்று முடிவுகட்டினேன். அவர் கையுறை இல்லாமல் அதைத் தொட்டு நான் ஒருநாளும் கண்டதில்லை.

மாணவர்கள் நின்ற ஒரு மத்தியானம் வாய் தவறியது. தவறியது என்று சொல்வதுகூடப் பொய், வேண்டுமென்றேதான் சொன்னேன். “பம்ப் மோட்டர் சுத்துற மாதிரி இதைச் சுத்தினா இப்பிடித்தான் வரும்.” மாணவர்கள் இரண்டு பேர் குனிந்து தங்கள் கொப்பிகளைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த டேப்பின் நுனியை மடித்து ஒட்டி, மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அடுத்த நாள் வந்து, “மிஸ், ஒருக்கா கொப்பியைப் பாருங்கோ” என்றார். கொப்பி என்றால் ஆய்வுகூடத்தின் நாட்கொப்பி. கருவியில் யார் எதைத் தொட்டாலும் அதில் எழுதவேண்டும் என்று சட்டம் போட்டது நானேதான். ஆனால் நான் எல்லாவற்றையும் என் கணினியில் வைத்திருந்தேன். கொப்பி அவருக்கு மட்டும் என்று ஆகிவிட்டிருந்தது. “பிறகு பாக்கிறன்” என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் சொன்னார். “பாக்கிறன் எண்டு சொன்னனான்தானே அண்ணை.” பார்க்கவில்லை.

அந்த வாரம் துறைத் தலைவர் நேர்முகத் தேர்வுக்காக அவரைப் பற்றி ஓர் அறிக்கை கேட்டார். அவரோடு நேரடியாக வேலை செய்கிறவள் நான்தான், என் சொல்தான் எடுபடும். எழுதினேன். அந்த வரிகள் எனக்கு மனப்பாடம்: “கடமையில் ஒழுங்கானவர். எனினும் நுண்ணிய கருவிகளைக் கையாளும் கவனம் போதாது. டிடெக்டர் ஒன்று இவர் கையில் பழுதடைந்திருக்கலாம் எனக் கருதுகிறேன்.” “இருக்கலாம்” என்று போட்டதில் எனக்கு அன்று ஒரு திருப்திகூட இருந்தது, நியாயமாக எழுதிவிட்டேனாம்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் டிப்ளோமா முடித்த ஒருவர் அந்த டேப்பைச் சுற்றியிருந்தால், அவர் வெளிச்சமில்லை என்றதும் நான் வேறு காரணம் தேடியிருப்பேன். இவர் மலையகத்துப் பிள்ளை, மோட்டர் சுற்றினவர். அப்படியெல்லாம் ஆள் பார்ப்பவள் நானில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். மீன்காரர் வீட்டிலிருந்து போய்ப் படித்தவளுக்கு அந்தப் பார்வை எப்படி உறுத்தும் என்று தெரியும். தெரிந்தும் அதே பார்வையால்தான் அவரைப் பார்த்தேன்.

நேர்முகத் தேர்வில் வேறொருவரைத் தெரிவுசெய்தார்கள். மாத முடிவோடு அவருடைய ஒப்பந்தமும் முடிந்தது. கடைசி நாள் மேசையைத் துடைத்து, சாவியைக் கொண்டுவந்து தந்தார். பிள்ளையார் படத்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். வாசலில் நின்று தட்டின் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அதை மாதாவுக்கு ஒரு கும்பிடு என்று எடுத்துக்கொண்டேன்.

“மிஸ், ஆறாவதைக் கழட்டிப்போடாதேங்கோ. அதில ஒரு பிழையும் இல்லை.”

“பாப்பம் அண்ணை” என்றேன்.

திறப்புவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, காலையில், துறைத் தலைவர் வந்து பார்த்துவிட்டு, விருந்தினர் வரும்போது தட்டைக் கொஞ்சம் வெறுமையாக்கும்படி சொன்னார். மாதாவை என் அறை அலுமாரிக்குள் வைத்தேன். திரும்பி வந்து பேணியைத் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த அறை மேசையில் வைத்தேன். வந்து பார்த்தால் கணினித் திரையில் ஐந்தும் ஏழும் நாற்பது. ஆறு, மின்னழுத்தம் குறைத்த நிலையில், இருபதுக்கும் கீழே. முதலில் கருவிதான் செத்துவிட்டது என்று நினைத்தேன். ஆறாவதின் மின்னழுத்தத்தைப் பழைய இடத்துக்கு ஏற்றினேன். நாற்பத்தொன்று.

அடுத்த அறைக்குப் போய்ப் பேணியைத் தூக்கி வந்து தட்டில் வைத்தேன். தொண்ணூறு. எடுத்தேன். நாற்பது. வைத்தேன், எடுத்தேன். நான்கு தரம் செய்தேன். நான்காவது தரம் அந்தக் கனத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடு அறையில் நின்றேன், கீழே வைக்கத் தோன்றவில்லை.

பிறகுதான் கொப்பியைத் திறந்தேன். அவருடைய எழுத்து சரிவில்லாமல் நேராக நிற்கும். நான் மாணவர்களுக்கு முன்னால் ஏசிய நாளின் பக்கத்தில் இப்படி இருந்தது: “2ஐயும் 6ஐயும் இடம் மாற்றினேன். கூடுதல் எண்ணிக்கை டிடெக்டரோடு போகவில்லை. 6ஆம் இடத்திலேயே நிற்கிறது. மறுபடி பழையபடி வைத்தேன். பிழை டிடெக்டரில் இல்லை, இடத்தில்.” முதலாம் வருட மாணவனுக்கு நான் சொல்லிக்கொடுக்கவேண்டிய சோதனை. அதை அவர் செய்து, எழுதி, பாருங்கோ என்று இரண்டு தரம் கேட்டிருக்கிறார்.

அந்த நேரமே போனை எடுத்திருக்கவேண்டும். எடுக்கவில்லை. விழா முடியட்டும் என்றேன். விழா நன்றாக நடந்தது. பேராசிரியர் ஏழு டிடெக்டரையும் பார்த்துவிட்டு, யார் சுற்றியது, இவ்வளவு சுத்தமாக, என்று கேட்டார். எங்கள் பழைய உதவியாளர் என்றேன். எங்கே அவர் என்றார். வேறு வேலைக்குப் போய்விட்டார் என்றேன். துறைத் தலைவர் ஆறாவதுக்கு என்ன நடந்தது என்று விசாரித்தபோது, “சின்னப் பின்னணிப் பிரச்சினை சேர், சரிசெய்தாச்சு” என்றேன். இப்படியே மூன்று கிழமை போனது. பேணி என் அறையின் ஒரு மூலையில் இருந்தது. அதைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன், ஆனால் நித்திரையைப் பழக்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை கனகராயன்குளத்துக்கு பஸ் ஏறினேன். கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. முந்திய அறிக்கை பிழை, இவர் என்னோடு வேலை செய்தவர்களில் மிகத் திறமானவர் என்று என் கையெழுத்தோடு எழுதியது.

வீதியோரமாகத் தகரம் போட்ட கொட்டிலில் அவர் பழையபடி மோட்டர் சுற்றிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி வெளியே வந்து, “வாங்க, ஒக்காருங்க” என்று ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். யாரென்று தெரிந்ததும் அந்த முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் உள்ளே போய் வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்.

நான் உட்காரவில்லை. “அண்ணை, பிழை டேப்பில இல்லை. நான் கொண்டுவந்த மண்ணில” என்றேன்.

அவர் நிமிரவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது. சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தார், நடுவில் எண்ணிக்கை தவறினால் முழுவதையும் அவிழ்க்கவேண்டும். முடித்து, கம்பியைக் கட்டி, பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“தெரியும் மிஸ்.”

“எப்ப தெரியும்?”

“நீங்கள் பொடியளுக்கு முன்னால ஏசின அண்டைக்குப் பின்னேரம். ரெண்டையும் ஆறையும் மாத்திப் பாத்தனான். பிறகு கதிர் மீட்டரைக் கையில எடுத்துக்கொண்டு சுத்திவர நடந்தனான். தட்டுக்குக் கிட்டப் போகப் போக ஏறிச்சுது.”

“அப்ப ஏன் சொல்லேல்ல?” அந்த நேரத்திலும் என் குரல்தான் உயர்ந்தது.

“கொப்பியைப் பாருங்கோ எண்டு ரெண்டு தரம் சொன்னனான்.”

“கொப்பியில இடம் எண்டுதானே எழுதினீங்கள். மண்ணெண்டு எழுதேல்லையே?”

அவர் துணியால் கையைத் துடைத்தார். “மாதாவுக்கு முன்னால இருக்கிற சாமான் மிஸ். உங்களைக் கேக்காமல் கைவைச்சு எடுக்க மனம் வரேல்ல. எழுதவும் மனம் வரேல்ல. அப்பிடிச் சொல்லியிருந்தா, தன்ர பிழையை மறைக்க எங்கட சாமியில பழி போடுறான் எண்டுதானே நீங்கள் சொல்லியிருப்பியள்? இடத்தைக் காட்டினாப் போதும், மிச்சத்தை நீங்களாக் கண்டுபிடிப்பியள் எண்டு நினைச்சனான். நீங்கள் படிச்சனீங்கள்தானே.”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அவர் சொன்ன அதே வாக்கியத்தைத்தான் நான் சொல்லியிருப்பேன். அதோடு இன்னொரு சொல்லையும் சேர்த்திருப்பேன், மலையகத்து ஆட்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் சொல்கிற சொல். அதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடிதத்தை நீட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். மனைவி வாசித்து, “இதை எங்க கொண்டுபோய்க் குடுக்கிறதுங்க? வயசு போயிருச்சே” என்றார். அண்ணையின் பிறந்தநாள் போன கிழமை வந்து போயிருந்தது. மூன்று கிழமைக்கு முன்னால் நான் வாயைத் திறந்திருந்தால் எதுவும் மாறியிருக்குமோ தெரியாது. திறந்திருக்கலாம்.

“கொப்பியில எழுதினீங்களோ மிஸ்?” என்று கேட்டார் அண்ணை.

“இல்லை.”

“ஹெட் சேருக்கு?”

“இல்லை.”

“அப்ப இது எனக்கு எழுதினதோ?” அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். “டேப்பில பிழை இல்லை எண்டு எனக்குத் தெரியும்தானே. தெரியாத ஆக்களுக்கெல்லோ எழுதவேணும்.”

தேநீர் ஆறிவிட்டது. நான் மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றேன். கிளிநொச்சி பஸ்ஸின் ஹோர்ன் தூரத்தில் கேட்டபோது, “ஆறாவது இப்ப எவ்வளவு காட்டுது மிஸ்?” என்றார்.

“நாப்பத்தொண்டு.”

தலையை ஆட்டிவிட்டு அடுத்த மோட்டரை இழுத்து முன்னால் வைத்தார்.

திங்கட்கிழமை அந்தக் கடிதத்தைப் புதிதாக எழுதித் துறைத் தலைவரிடம் கொடுத்தேன். மண், மாதா, நான் வாசிக்காத கொப்பி, மூன்று கிழமை மௌனம், எல்லாம் அதில் இருந்தது. “முடிஞ்ச விஷயம். இப்ப இதைக் கோப்பில போட்டா உங்களுக்குத்தான் கரைச்சல்” என்றார். போடுங்கள் என்றேன். போட்டார். நாட்கொப்பியில் அவருடைய வரிகளுக்குக் கீழே, இது சரி, நான் பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். இவற்றால் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவருடைய இடத்தில் வேறொருவர் வேலை செய்கிறார், நல்ல பிள்ளை, அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆறாவது டிடெக்டரில் அண்ணை சுற்றிய டேப்தான் இன்னும் இருக்கிறது. போன வெயிலுக்கு, அவர் போன பிறகு நான் என் கையால் சுற்றிய இரண்டின் மூலைகளும் இளகி வெளிச்சம் புகுந்துவிட்டது. அவிழ்த்துச் சுற்றவேண்டியதாயிற்று. சில நாட்களில் மாணவர்கள் போன பிறகு ஜன்னலை அடைத்து, விளக்கை அணைத்து, டோர்ச் வெளிச்சத்தை ஆறாவதின் மூட்டுகளில் மெதுவாக ஓட்டிப் பார்க்கிறேன். எண்ணிக்கை அசைவதில்லை. அது ஒருமுறையாவது அசையாதா, அவர் பக்கம் ஒரு சின்னப் பிழையாவது அகப்படாதா என்று என் மனத்தின் ஒரு மூலை இன்னும் ஆசைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.